ஆறுதல் மருந்து ஆகுமா?



வியாதிக்காரருக்கு நற்கருணை கொண்டுபோகும் நாட்களில், சில வீடுகளில் என்னை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே படுத்திருப்பவர் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சுவாமி, இனிக் குணமாக்க மருந்து இல்லையாம். மூச்சுத் திணறலைத் தணிக்க மட்டும் மருந்து தருகிறேன் என்று டாக்டர் சொல்லுகிறார். அதற்கு நாங்கள் சம்மதித்தால் பாவமில்லையா?" கேட்பவர் சில சமயம் மகன், சில சமயம் மனைவி, ஒரு வீட்டில் மருமகள். வாசற்படியில் நின்று இரண்டு வார்த்தையில் தீர்த்துவிடக்கூடிய கேள்வியல்ல இது. ஆகையால் இந்த வாரம் இப்பக்கத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் இளைப்பு நோயாளி இல்லாதவர்களும் தயவுசெய்து வாசியுங்கள். அடுத்த வீட்டில் ஒருவர் இருக்கலாம்.

முதலில் நோய் இன்னதென்று தெரிந்துகொள்வோம். வைத்தியர்கள் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவதை நம் ஜனங்கள் இளைப்பு என்றும் இரைப்பு என்றும் சொல்லுகிறார்கள். இதுவும் ஆஸ்துமாவும் ஒன்றல்ல. ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழல் மருந்தால் பெரும்பாலும் மறுபடி திறந்துகொள்ளும். இந்த நோயிலோ குழல்கள் நிரந்தரமாய்க் குறுகி, அவற்றின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு காற்றறைகளும் சிதைந்துபோகின்றன. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வரமாட்டாமல் தேங்கிநிற்கிறது. தேங்கிய காற்றின்மேல் புதுக்காற்றுக்கு இடமேது? அந்த மனிதரைப் பாருங்கள். இரண்டு வார்த்தை பேசி நிறுத்துகிறார். மல்லாந்து படுக்கமுடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறார், அல்லது முழங்கையை மேசையில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அரைத் தட்டுச் சோறு தின்பதற்குள் களைத்துப்போகிறார். குளிப்பது அவருக்கு மலையேறுவதுபோல. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். மூச்சு முட்டுவதால் பயம் வருகிறது. பயத்தால் மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சில் காற்று இன்னும் தேங்குகிறது. தேங்கவே இன்னும் முட்டுகிறது. உடம்பில் ஒரு வலி என்றால் மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். மூச்சு இல்லையென்றால் பல்லைக் கடித்து என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ம் வருஷத்தில் மட்டும் இந்நோயால் 35 லட்சம் பேர் இறந்தார்கள். மரண காரணங்களின் வரிசையில் இது நான்காவது. நமது தேசத்தில் 2016-ல் இந்த நோயுடன் இருந்தவர்கள் ஏறக்குறைய 5 கோடியே 53 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பீடியைக்கூடத் தொடாத எத்தனையோ தாய்மார்கள், ஜன்னலில்லாத சமையற்கட்டில் முப்பது நாற்பது வருஷம் விறகடுப்பை ஊதி ஊதியே இந்த நோயை வாங்கிக்கொண்டார்கள். கல் குவாரித் தூசி, பஞ்சாலைத் தூசி, சிறுவயதில் வந்துபோன காசநோயின் தழும்பு ஆகியவையும் நுரையீரலைக் கெடுக்கின்றன. நாம் சாப்பிட்ட சோற்றை ஆக்கிய புகைதான் அந்த அம்மாளின் மார்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். "குடித்த பீடிக்கு அனுபவிக்கட்டும்" என்று ஒருவர் என்னிடம் தம் சொந்தச் சகோதரனைப்பற்றிச் சொன்னார். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, நம் ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு அவனுக்கு ஆகவேண்டியதைச் செய்தார். நமக்கும் அதுவே வழி.

இனி, இந்நோய் செல்லும் போக்கைச் சொல்லவேண்டும்; ஏனெனில் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். புற்றுநோய் முற்றிவிட்டால் ஏறக்குறைய இவ்வளவு காலம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். இளைப்பு நோய் அப்படி நேர்வழியாய்ப் போவதில்லை. மாரிக்காலத்தில் ஒரு சளி பிடிக்கிறது. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பிழைத்து வீட்டுக்கு வருகிறார். ஆனால் முன்பு கிணற்றடிவரை நடந்தவர் இப்போது திண்ணைவரைதான் நடக்கிறார். சில மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை. அதிலும் பிழைக்கிறார். இப்படிப் பலமுறை பிழைத்ததைப் பார்த்த குடும்பத்தார் இந்தத் தடவையும் எழுந்துவிடுவார் என்றே இருக்கிறார்கள். எது கடைசித் தடவை என்று வைத்தியருக்கும் தெரியாது. ஆகவே "கடைசிக் கட்டம் வரட்டும், அப்போது ஆறுதல் சிகிச்சையைப் பார்த்துக்கொள்வோம்" என்று காத்திருக்கிறவர்கள், அந்தக் கட்டம் வந்துபோன பிறகுதான் அதை அறிவார்கள்.

இது எனக்குப் பழகிய சங்கதி. அவஸ்தைப்பூசுதல் என்ற தேவதிரவிய அனுமானத்துக்கு நேர்ந்த கதியும் இதுதானே? சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம் என நினைத்து, நினைவு தப்பும்வரை கூப்பிடாமலே இருந்தார்கள். வத்திக்கான் சங்கம் 1963-ல், அதை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம், சாகுந்தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெளிவாக்கியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை நடுச்சாமத்தில்தான் எழுப்புகிறார்கள்! ஆறுதல் சிகிச்சையையும் ஜனங்கள் அதே பயத்தோடு பார்க்கிறார்கள். ஆனால் இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்லுவது யாதெனில், இன்ஹேலர், நெபுலைசர், சளிக்கான மருந்து எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றோடு சேர்த்து இதையும் தொடங்கவேண்டும் என்பது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்குவதல்ல.

ஆங்கிலத்தில் இதற்குப் பாலியேடிவ் சிகிச்சை என்று பேர். பல்லியும் என்ற இலத்தீன் சொல்லுக்கு மேற்போர்வை என்று பொருள். அதிலிருந்து வந்த வார்த்தை. அமியேன் பட்டணத்து வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்கு அர்ச். மார்த்தீன் தம் போர்வையைப் பாதியாய் வெட்டிக் கொடுத்த சரித்திரம் நீங்கள் அறிந்ததே. அவரால் மாரிக்காலத்தை நிறுத்த முடியவில்லை. குளிரைக் குறைக்க முடிந்தது. நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதனை நோய் ஆதரவுச் சிகிச்சை என்று சொல்லுகிறார்கள்; நல்ல சொல். இக்காலத்தில் இதற்கு உருக்கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேய மாது. முதலில் நர்ஸாகவும் பிறகு சமூக சேவகியாகவும் இருந்து, அதன்பின் வைத்தியம் படித்துத் தேறினார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் 1958 முதல் சில வருஷங்கள் இலண்டனில் ஐரிஷ் கன்னியர் நடத்திய அர்ச். சூசையப்பர் ஆதரவகத்தில் வேலை செய்தார். வேதனை தாங்கமுடியாமல் கத்தும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து வேளைதவறாமல் மருந்து கொடுத்தால் நோயாளி தெளிந்த புத்தியோடு இருக்கமுடியும் என்பதை அங்கே ஊன்றிக் கவனித்து நிரூபித்தார். 1967-ல் அர்ச். கிறிஸ்தோபர் பேரால் தாமே ஓர் இல்லம் திறந்தார். நம் தேசத்தில் 1986-ல் பம்பாயில் சாந்தி அவேத்னா ஆசிரமமும், 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண ஆதரவுச் சங்கமும் தோன்றின.

சரி, பாவமா என்ற கேள்விக்கு வருவோம். கேட்கிறவர்களின் மனதில் உண்மையில் இரண்டு சந்தேகங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று: பாடு சர்வேசுரன் அனுப்பியது, அதை மருந்தால் தடுக்கலாமா? மற்றது: இந்த மருந்து சாவைச் சீக்கிரம் வரவழைத்துவிடாதா?

முதல் சந்தேகத்துக்கு, உங்களில் பலர் வீட்டில் படம் வைத்து வணங்கும் ஒரு புனிதையின் மரணத்தையே எடுத்துக்கொள்வோம். லிசியே நகர் குழந்தை தெரேசம்மாளுக்கு 1896-ம் வருஷம் பெரிய வியாழன் இரவில் முதன்முதல் வாயிலிருந்து இரத்தம் வந்தது. காசநோய். நாம் பேசிக்கொண்டிருக்கும் நோய் அதுவல்ல. ஆனால் நுரையீரல் கொஞ்சங் கொஞ்சமாய் அழிந்து மூச்சுக்குத் தவிக்கும் அவஸ்தை ஒன்றே. பதினெட்டு மாதம் அப்படியிருந்து, 1897 செப்டம்பர் 30-ந் தேதி, 24-ம் வயதில் இறந்தார். மார்ஃபின் ஊசி போடுவதற்கு மடத்துத் தலைவி அனுமதி கொடுக்கவில்லை என்று அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்காலத்து மடங்களில் எண்ணம் அப்படி. அந்தத் தாயாரை இன்று நாம் நியாயந்தீர்க்கவேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது தெரேசம்மாள் சொன்னதை. தம்மைப்போல வேதனைப்படும் நோயாளிகளின் படுக்கையருகே விஷமுள்ள மருந்துகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று தம் சகோதரியை எச்சரித்தார். விசுவாசம் ஒன்று இல்லாதிருந்தால் ஒரு கணமும் யோசியாமல் தம் உயிரை மாய்த்திருப்பார் என்றும் மறைக்காமல் சொன்னார். இது புனிதையின் வார்த்தை. பாடுபடுவதில் அவருக்கு மிஞ்சிய ஆசைகொண்டவர் எவர்? அப்படிப்பட்டவரையே அந்த வேதனை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போயிற்று என்றால், ஜெபமே வாயில் வராத சாதாரணக் கிறிஸ்தவனை எங்கே தள்ளும்? தணிக்கப்படாத வேதனை ஆத்துமத்தைப் பரிசுத்தப்படுத்தும் என்று தூரத்தில் நின்று சொல்லுவது எளிது. மூச்சு முட்டுகிறவனால் ஒரு அருள் நிறைந்த மரியே முழுதாய்ச் சொல்லமுடியாது. மூச்சு கொஞ்சம் அடங்கினால் சொல்லுவான்.

கல்வாரியில் நம் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த இரசம் கொடுத்தபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். தமக்கென்று வந்தபோது மறுத்தார். ஆனால் குஷ்டரோகி, குருடன், காய்ச்சலாய்க் கிடந்த இராயப்பரின் மாமி, இவர்களில் யாரிடமாவது, இன்னும் கொஞ்சகாலம் பாடுபடு என்று அவர் சொன்னதாகச் சுவிசேஷத்தில் எங்கே இருக்கிறது? ஒருவர் மனமுவந்து தம் வேதனையைத் தாமே ஒப்புக்கொடுக்க விரும்பினால், அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். அவர் சார்பில் அதை ஒப்புக்கொடுக்க மகனுக்கும் மருமகளுக்கும் அதிகாரமில்லை. பங்குச் சுவாமியாருக்கும் இல்லை. பாப்பரசர் 12-ம் பத்திநாதர், 1957 பிப்ரவரி 24-ந் தேதி, மயக்கமருந்து வைத்தியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது, வலியைத் தணிக்கும் மருந்தை ஏற்றுக்கொள்ள கிறிஸ்தவனுக்குத் தடையில்லை என்று தீர்த்துச் சொன்னார். வேறு வழியில்லாவிட்டால், நோயாளி தன் மற்றக் கடமைகளை நிறைவேற்றத் தடையில்லாத பட்சத்தில், மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் கொடுக்கலாம் என்றும் சொன்னார். 1995-ல் 2-ம் அருள் சின்னப்பர் உயிரைப்பற்றி எழுதிய சுற்றுமடலில் இதே போதனையை எடுத்துரைத்தார். திருச்சபையின் ஞானோபதேச நூலும் அதையே போதிக்கிறது.

இதுவே இரண்டாவது சந்தேகத்துக்கும் அடிப்படை. ஒரே செய்கையால் இரண்டு பலன் வரலாம், நினைத்தது ஒன்று, நினையாதது ஒன்று என்று அக்குவினாஸ் தோமையார் விளக்கியதை எங்களுக்குக் குருமடத்தில் மாதக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். திணறலைத் தணிக்க வேண்டிய அளவு மருந்து கொடுப்பவனும், ஆளை முடிக்க அளவுக்குமேல் மருந்து ஏற்றுகிறவனும் ஒரே சீசாவைக் கையில் எடுக்கலாம். இரண்டு பேரும் வெவ்வேறு காரியம் செய்கிறார்கள். பின்னது கொலை. நோயாளியே கேட்டாலும் கொலையே. அதில் திருச்சபை ஒரு நாளும் இளகினதில்லை.

ஆனால் ஒரு விநோதம் பாருங்கள். நாம் இவ்வளவு பெரிய சித்தாந்தத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க, அது பெரும்பாலும் தேவைப்படவே இல்லை என்கிறார்கள் வைத்திய ஆராய்ச்சிக்காரர். சுவீடன் தேசத்தில் வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்த 2,249 இளைப்பு நோயாளிகளைக் கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மார்ஃபின் இனத்து மருந்தைக் குறைந்த அளவில் சாப்பிட்டவர்கள் அதனால் அதிகமாய்ச் சாகவில்லை என்று கண்டார்கள். பயத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளை எடுத்தவர்களிடத்திலேதான் மரணம் அதிகமாய்க் காணப்பட்டது. நம்மவர்களோ தூக்கமாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தாராளமாய்க் கொடுக்கிறார்கள். மார்ஃபின் என்றால் நடுங்குகிறார்கள். அதே 2014-ல் இலண்டனில், கடும் மூச்சுத்திணறல் உள்ள 105 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியத்தோடு ஆதரவுச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பிரிவின் 53 பேரில் 50 பேர் உயிரோடிருந்தார்கள். மற்றப் பிரிவின் 52 பேரில் 39 பேர். இது ஒரு சிறு ஆராய்ச்சி. ஆறுதல் சிகிச்சை ஆயுளைக் கூட்டும் என்று இதை வைத்துச் சத்தியம் பண்ண நான் துணியமாட்டேன். ஆனால் அது ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிடும் என்று சொல்லுகிறவர்கள், தங்கள் அத்தாட்சியைக் காட்டவேண்டும்.

மார்ஃபினால் எல்லாருக்கும் பலன் உண்டு என்றும் எண்ணாதேயுங்கள். ஆஸ்திரேலியாவில் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், இளைப்பு நோயாளிகளுக்கு ஒரு வாரம் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது, கடுந்திணறல் குறையவில்லை. சிலருக்குத் தணிகிறது, சிலருக்கு இல்லை. மலச்சிக்கலும் மயக்கமும் வரக்கூடும். ஆகையால் அதில் பழக்கமுள்ள வைத்தியர் எழுதிக்கொடுத்த அளவில், அவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கவேண்டும். ஆகும் என்பதால் அவசியம் என்று ஆகிவிடாது.

அன்றியும், ஆறுதல் என்றாலே மார்ஃபின் என்று நினைப்பதும் தவறு. ஒரு மேசை விசிறியின் மகிமையைச் சொல்லட்டுமா? முகத்தில், மூக்கு உதடு கன்னம் இந்த இடத்தில், குளிர்ந்த காற்று பட்டால் மூச்சுத்திணறல் தணிகிறது. 2010-ல் 50 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். கையில் பிடிக்கும் சிறு விசிறியை முகத்துக்கு நேரே ஐந்து நிமிஷம் வைத்தபோது தணிந்தது. காலுக்கு நேரே வைத்தபோது அவ்வளவு தணியவில்லை. நம் பாட்டிமார் பனையோலை விசிறியோடு கட்டிலருகே உட்கார்ந்தது வெறும் பாசம் மட்டுமல்ல போலும். மூக்கால் இழுத்து, விளக்கை ஊதி அணைப்பதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடுவது, தேங்கிய காற்று வெளியேற வழி. முன்பக்கம் சாய்ந்து உட்காரச் செய்வது, சோற்றைக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பல வேளை கொடுப்பது, திணறும் நேரத்தில் சுற்றிக் கூடிநின்று கத்தாமல் ஒருவர் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே மெல்ல மூச்சுவிடுவது ஆகியவற்றுக்குக் காசு வேண்டாம். ஆக்சிஜனைப்பற்றி ஒரு வார்த்தை. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்களுக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணிநேரம் கொடுத்தால் ஆயுள் நீடிக்கிறது என்று 1981-லேயே கண்டார்கள். குறையாதவர்களுக்கோ அதனால் பிரயோஜனம் சொற்பம். திணறுகிறாரே என்று நீங்களாகத் திருகைத் திருகிக் கூட்டிவிடாதீர்கள். இந்நோயாளிகளில் சிலருக்கு அளவுக்குமீறிய ஆக்சிஜனால் கரியமிலவாயு தேங்கி நினைவு தப்பிப்போகும்.

இனி இயந்திரத்தைப்பற்றிய கேள்வி. ஐ.சி.யு. வாசலில் டாக்டர் காகிதத்தை நீட்டி, வென்டிலேட்டர் வைக்கட்டுமா என்று ஐந்து நிமிஷத்தில் பதில் கேட்கிறார். வேண்டாம் என்றால் அப்பாவைக் கொன்றதாகுமா? இதற்கும் அதே பாப்பரசர் அதே 1957-ல், நவம்பர் 24-ந் தேதி பதில் சொல்லியிருக்கிறார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டவர்கள். தனக்கோ பிறருக்கோ தாங்கமுடியாத பாரமாகும் வழிகளுக்குக் கடமைப்பட்டவர்களல்ல என்பது சாரம். இது புதிதாய் வந்த தளர்ச்சி என்று நினைக்கவேண்டாம். பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ்கு தே வித்தோரியா என்ற ஸ்பானிய சாஸ்திரியார், கோழியும் கவுதாரியும் தின்றால் இன்னும் இருபது வருஷம் இருப்பாய் என்று வைத்தியர் சொன்னாலும், ஏழை அவற்றைத் தின்னக் கடமைப்பட்டவனல்ல, முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதினார்.

சாதாரணம் எது, பாரம் எது என்பது இயந்திரத்தின் பேரைப் பார்த்துச் சொல்லுவதல்ல, ஆளைப் பார்த்துச் சொல்லுவது. அறுபது வயதுள்ள ஒருவர், நேற்றுவரை நடமாடியவர், சளியால் மூச்சு முட்டி வந்திருக்கிறார் என்றால், முகமூடி போட்டுக் காற்றைத் தள்ளும் பைபாப் கருவி அவர் உயிரைக் காப்பாற்றக்கூடும். அதை வேண்டாமென்று சொல்ல அவசரப்படக்கூடாது. ஆனால் இரண்டு வருஷமாய்க் கட்டிலைவிட்டு இறங்காதவர், மூன்று தடவை குழாய் போட்டு எடுத்தவர், இனி என்னை அங்கே கொண்டுபோகாதே என்று தெளிந்த புத்தியோடு மகன் கையைப் பிடித்துச் சொன்னவர் என்றால், அவர் சொல்லைக் கேட்பது கொலையல்ல. 2-ம் அருள் சின்னப்பருக்கே 2005 பிப்ரவரி 24-ந் தேதி தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். அதற்கு அவர் இணங்கினார். மார்ச்சு முடிவில் நிலைமை மோசமானபோது மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தம் அறையிலேயே வைத்தியம் பெற்று, ஏப்ரல் 2-ந் தேதி அங்கேயே காலமானார். ஒரே மனிதர், சில வாரங்களுக்குள், ஒன்றை ஏற்றார், மற்றதை வேண்டாமென்றார்.

ஐ.சி.யு.வில் சேர்த்துவிட்டுத் தாலிக்கொடிவரை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்பதற்காகச் செய்தது பாதி. பேத்தியின் படிப்புப் பணத்தை எடுத்து, பிழைக்கமாட்டாதவருக்கு இன்னும் நான்கு நாள் குழாய் வைக்கவேண்டும் என்று சர்வேசுரன் கேட்கவில்லை. இன்ன சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்க நமது உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி திறந்தது. 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி முன்னிலையில் செய்தால் போதும் என்றது. எழுதுகிறவர்கள், எதை மறுக்கலாம், எதை மறுக்கலாகாது என்று என்னிடமோ மற்றொரு குருவிடமோ கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

இதற்கெல்லாம் நோயாளிக்குத் தன் நிலை தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? "அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது சுவாமி, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்" என்கிறார்கள். அப்பா உள்ளே என்னைப் பார்த்ததும், "பிள்ளைகள் பயப்படுவார்கள் சுவாமி, நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை" என்கிறார். ஒரே கூரையின்கீழ் இரண்டு பக்கமும் நாடகம். ஐந்து வருஷமாய்ப் பேசாத அண்ணன் தம்பிகள், எழுதப்படாத பத்திரம், செய்யப்படாத பாவசங்கீர்த்தனம் எல்லாம் அந்த நாடகத்தின் திரைக்குப் பின்னால் கிடக்கின்றன. முகத்தில் அடித்தாற்போல் சொல்லச் சொல்லவில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "இதைப்பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது அப்பா?" என்று நீங்களே ஒரு சாயங்காலம், மூச்சு அடங்கியிருக்கிற வேளையில் கேளுங்கள். பெரும்பாலும் மீதியை அவரே சொல்லுவார்.

கடைசியாக, பார்த்துக்கொள்ளுகிறவர்களைப்பற்றி. இரவில் நாலு தடவை எழுந்து முதுகைத் தடவி, நெபுலைசர் வைத்து, காலையில் வேலைக்கோ அடுப்படிக்கோ போகிற அந்த மருமகள் ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்று யாரும் குறைசொல்லவேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இனி அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போனால், ஜெபம் சொன்ன பிறகு, "நீ போய் இரண்டு மணிநேரம் தூங்கம்மா, நாங்கள் இருக்கிறோம்" என்றும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தர ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்துக் கேளுங்கள். கேட்கத் தெரியாதவர்கள் உபதேசியாரிடம் சொன்னால் அவர் கூட வருவார்.

முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வாங்க இருக்கும் வீட்டாருக்கு ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் மிஷின் ஓடும் அறையில் மெழுகுதிரி ஏற்றாதீர்கள். நெருப்பு சட்டென்று பற்றும். ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் அந்த மார்புக்கு ஆகாது. வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் வைத்தால் போதும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நான் வந்து உட்கார, கட்டிலுக்கு அருகில், அவர் முகம் தெரியும்படி ஒரு ஸ்டூல் போட்டுவையுங்கள்.